‘நூறு பி.சி.டி., சரிபோதுந்தி’

ஐதராபாத்தில் சிறு காருக்கு மாற்றுச் சக்கரம் தேடிக் கடையேறுபவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ‘இது என் காருக்குப் பொருந்துமா?’ தெலுங்கில் ‘சரிபோதுந்தி’ என்றும், தக்கனியில் ‘ஹோ ஜாத்தா’ என்றும், வந்தவர் தமிழர் என்று தெரிந்தால் ‘செட் ஆயிடும்’ என்றும் விடை வரும். மூன்று மொழியிலும் ஒரே குறை. பொருந்து என்னும் வினை தனித்து நிற்காது. எதனோடு, எதற்கு என்று உருபேற்ற பெயரொன்றை அது வேண்டி நிற்கும். கடைப் பேச்சில் முதலில் உதிர்வது அந்தப் பெயர்தான். அதன் இடத்தில் ஓர் எண் வந்து அமர்கிறது: ‘நூறு பி.சி.டி.’

இந்த எண்ணின் தனியாட்சியைத்தான் இங்கே மறுக்க வேண்டியிருக்கிறது. பொருத்தம் என்பது சக்கரத்திடம் மட்டும் உள்ள குணம் அன்று. கார், சக்கரம், டயர், நட் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று கொள்ளும் உறவு அது. அந்த உறவை ஒற்றை எண்ணாகச் சுருக்கி விற்பது அறியாமையால் நடந்தாலும் வசதிக்காக நடந்தாலும், விளைவைச் சுமப்பவர் வாங்குபவரே.

பி.சி.டி. என்பது நட்டுகள் நுழையும் துளைகளின் மையங்களை இணைக்கும் வட்டத்தின் விட்டம். நான்கு துளை, 100 மில்லிமீட்டர் என்பது இந்தியச் சிறு கார்களில் மிகப் பரவலான அளவு. மாருதி ஸ்விஃப்ட், ஹூண்டாய் ஐ10, ஹோண்டா ஜாஸ், நிசான் மைக்ரா நான்கும் இதற்குள் அடங்கும். ஆகவே ஒன்றின் சக்கரம் மற்றதற்கு ஆகும் என்று தோன்றும். ஆனால் நடுத்துளையை அளந்து பார்த்தால் கதை மாறுகிறது. ஸ்விஃப்ட்டுக்கும் ஐ10க்கும் 54.1 மி.மீ., ஜாஸுக்கு 56.1, மைக்ராவுக்கு 60.1. மாட்டுவண்டிச் சக்கரத்தில் குடம் என்று வழங்கியதற்கு நிகரான இடம் காரில் ஹப். அந்த ஹப்பின் நடுவே துருத்தி நிற்கும் வளையம் சக்கரத்தின் நடுத்துளைக்குள் இறுக்கமாக அமர்ந்தால்தான் சக்கரம் மையத்தில் நிற்கும். ஸ்விஃப்ட்டின் சக்கரம் மைக்ராவின் ஹப்பில் ஏறவே ஏறாது. அது நல்லது, ஏறாத சக்கரம் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. மைக்ராவின் சக்கரம் ஸ்விஃப்ட்டில் எளிதாக ஏறிவிடும், சுற்றிலும் 3 மி.மீ. வெற்றிடத்தோடு. வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

வெளிச்சந்தை அலாய்களில் இவ்வெற்றிடம் இன்னும் பெரிது. ஒரே அச்சில் வார்த்த சக்கரத்தைப் பல கார்களுக்கு விற்க வேண்டும் என்பதற்காக நடுத்துளையை 73.1 மி.மீ. அளவுக்கு அகலமாகவே கடைந்துவிடுகிறார்கள். இடைவெளியை அடைக்க ஹப் ரிங் என்னும் வளையம் உண்டு. வெளி விட்டம் 73.1, உள் விட்டம் 54.1 என்று அளவு சொல்லி வாங்க வேண்டிய பொருள் அது. சக்கரத்தின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை. இருந்தும் கேட்காதவர்க்கு அதைக் கொடுப்பதில்லை. ‘கூம்பு நட்டே மையப்படுத்திவிடும்’ என்று வாதிடுவோர் உள்ளனர். கூம்பின் கோணம் சரியாக இருந்து, காரைத் தூக்கி நிறுத்தி, எதிரெதிர் நட்டுகளாகச் சீராக இறுக்கினால் அது பெரும்பாலும் நடக்கும். காற்றழுத்தத் துப்பாக்கியால் முதல் நட்டை ஒரே மூச்சில் முறுக்கி முடிக்கும் இடத்தில் நடக்காது. வெளிவட்டச் சாலையில் 80ஐத் தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்குகிறது என்று திரும்பி வருபவருக்கு வீல் பேலன்சிங் செய்து இன்னொரு முறை காசு வாங்குவார்கள்.

நட்டின் கதை இன்னும் மோசம். ஸ்விஃப்ட்டின் ஸ்டட்டில் மரை இடைவெளி 1.25 மி.மீ., ஐ10இல் 1.5 மி.மீ. இரண்டும் 12 மி.மீ. தடிமன்; கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஒன்றின் நட்டை மற்றதில் ஏற்றினால் ஓரிரு சுற்று உள்ளே போய் இறுகும். கையால் முறுக்குபவர் உடனே நிறுத்திவிடுவார். துப்பாக்கிக்கு அந்த உணர்ச்சி இல்லை. மரையை அரைத்துக்கொண்டு அது மேலே போகும். பிறகு அந்த நட் இறுகியதுபோல் தோன்றும், இறுகியிருக்காது. ஹோண்டாவின் நிறுவன நட்டுகளுக்கு அடிப்பாகம் உருண்டையானது. வெளிச்சந்தை அலாய்களில் பெரும்பாலானவற்றின் இருக்கை கூம்பு வடிவம். உருண்டை கூம்புக்குள் அமரும்போது தொட வேண்டிய பரப்பு ஒரு மெல்லிய கோடாகக் குறுகிவிடுகிறது. இவற்றில் எதுவும் ‘நூறு பி.சி.டி.’ என்ற சொல்லுக்குள் இல்லை.

இதில் மிகுதியாக இழப்பவர்கள் நிறுவனம் கைவிட்டுப்போன கார்களை வைத்திருப்பவர்கள். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. உதிரி பாகமும் பழுதுபார்ப்பும் தொடரும் என்று சொன்னது உண்மை. ஆனாலும் மறுவிற்பனையில் அத்தகைய கார்மீது ஐயம் படிகிறது. கச்சிபௌலியிலும் தார்நாக்காவிலும் உதவித்தொகையை மிச்சம் பிடித்துக் கார் வாங்க நினைக்கும் ஆய்வு மாணவரின் கைக்கு எட்டுவது அப்படிப்பட்ட பழைய ஃபிகோதான். அதன் துளைவட்டம் 108 மி.மீ., நடுத்துளை 63.4. மழைக்காலக் குழியில் ரிம் வளைந்தால், நூறின் அரசாட்சி நடக்கும் சந்தையில் அவருக்கு மூன்று வழிகள் காட்டப்படுகின்றன. ஒன்று, 100க்கும் 108க்கும் சேர்த்து எட்டுத் துளையிட்ட அலாய். இரண்டு, 108இல் இருந்து 100க்கு மாற்றும் அடாப்டர். மூன்று, பழைய இரும்புச் சந்தையில் அதே காரின் அசல் சக்கரம். விலை குறைந்ததும் பாதுகாப்பானதும் பெரும்பாலும் மூன்றாவதே, வளைவும் வெல்டிங்கும் இல்லை என்று சுற்றிப் பார்த்து உறுதி செய்துகொண்டால். அதைக் கடைசியாகச் சொல்கிறார்கள், அல்லது சொல்வதே இல்லை. அதில் லாபம் குறைவு.

ஃபியட் பேலியோவின் செய்தி இதைவிட நுட்பமானது. அதன் துளைவட்டம் 98 மி.மீ. நூறிலிருந்து வேறுபாடு 2 மி.மீ. தான், ஒவ்வொரு துளையும் மையத்திலிருந்து 1 மி.மீ. மட்டுமே தள்ளியிருக்கும். ஃபிகோவில் 100 துளையிட்ட சக்கரம் நுழையாது என்பது பார்த்தவுடனே தெரியும். பேலியோவில் நூறு நுழைவதுபோல் இருக்கும். ஒரு போல்ட் நேராக அமரும், மற்றவை கூம்பின் ஒரு விளிம்பில் மட்டும் சாய்ந்து நிற்கும், இறுக்க இறுக்க வளைவிசை ஏறும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் தளரும். ‘இரண்டு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது’ என்பவருக்கு ஒரே விடை: எட்டு மில்லிமீட்டர் வேறுபாடு கடையிலேயே தடுத்து நிறுத்துகிறது, இரண்டு மில்லிமீட்டர் சாலை வரை கூட வருகிறது.

அடுத்தது ஆஃப்செட். சக்கர அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் பதியும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதன் அளவு அது. 5.5 அங்குல அகலமும் 45 ஆஃப்செட்டும் உள்ள சக்கரத்தைக் கழற்றிவிட்டு, 6.5 அங்குலமும் 38 ஆஃப்செட்டும் உள்ளதை மாட்டுவதாகக் கொள்வோம். வெளி விளிம்பு 19.7 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பு 5.7 மி.மீ. உள்ளே போகும். வெளியே வந்தது கண்ணுக்கு அழகு. விற்பனையும் அந்த அழகுக்குத்தான். ஆனால் வீல் பேரிங்கின் மீது நெம்புவிசை கூடுகிறது, குழியில் ஒரு பக்கச் சக்கரம் விழும்போது ஸ்டீயரிங் இழுப்பு மாறுகிறது, பின்னிருக்கையில் மூவர் ஏறியதும் மட்கார்டின் விளிம்பு டயரை உரசுகிறது. உள்ளே போன 5.7 மி.மீ. ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது சஸ்பென்ஷனைத் தொடுமா என்பது கடையின் தளத்தில் நிற்கும் காரில் தெரியாது.

டயரின் உயரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கார் நிறுவனமே பாடம் நடத்தியிருக்கிறது. 2018இல் வெளிவந்த ஸ்விஃப்ட்டில் கீழ் வகைக்கு 165/80 ஆர்14, மேல் வகைக்கு 185/65 ஆர்15. கணக்கிட்டால் முதலாவதன் மொத்த விட்டம் 619.6 மி.மீ., இரண்டாவதன் விட்டம் 621.5. ரிம் ஓர் அங்குலம் வளர்ந்தும் சக்கரத்தின் மொத்த உயரம் இரண்டு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. இதே காரில் 16 அங்குலம் வேண்டும் என்பவருக்கு 195/55 கொடுத்தால் 620.9, கணக்கு நிற்கிறது. கையிருப்பில் உள்ளது 195/50 என்று கொடுத்தால் 601.4. வேகமானி கூட்டிக் காட்டும், தரைக்கும் காருக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறையும், பக்கச்சுவர் 120 மி.மீ. இலிருந்து 97.5க்கு இறங்கும். ஐதராபாத்தின் ஆகஸ்டு மாதக் குழிகளை அறிந்தவர்க்கு அந்த 22 மி.மீ. ரப்பரின் அருமை தெரியும்.

அரசு என்ன செய்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாகப் பதிவுச் சான்றின் விவரங்கள் ஆகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் அதை அழுத்தமாக உறுதி செய்தது. 2020இல் சக்கர ரிம்களுக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணையும் வந்தது. நல்லவையே. ஆயினும் தரமுத்திரை சக்கரத்தின் வலிமையைச் சோதிக்கிறது. அது எந்தக் காருக்கு உரியது என்று சொல்வதில்லை. ஜப்பானிய அலாய்களில் காணும் ஜே.டபிள்யூ.எல். முத்திரையும் அப்படியே. ஜெர்மனியில் வெளிச்சந்தைச் சக்கரத்தோடு ஒரு சான்றாவணம் வரும். எந்தக் கார், எந்த வகை, எந்த டயர் அளவு, என்ன நிபந்தனை என்று அதில் பட்டியலிட்டிருக்கும். அங்கே உருபேற்ற பெயர் ஆவணத்திலேயே இருக்கிறது. இங்கே சட்டம் உரிமையாளரை நோக்கி விரல் நீட்டுகிறது, விற்பவரிடம் ஒரு வரி எழுதித் தரக்கூடக் கேட்பதில்லை.

இதற்கு மறுமொழியாக இரு தரப்புகள் எழும். கார் ஆர்வலர் ஒருவர், தாம் பத்தாண்டாக அகலச் சக்கரத்தில் ஓட்டுவதாகவும் ஒன்றும் ஆகவில்லை என்றும் சொல்வார். ஆகாததை அவர் சொல்ல இருக்கிறார் என்பதே அந்தச் சான்றின் குறை. ஆனவர்கள் இந்த விவாதத்திற்கு வருவதில்லை. மற்றொருவர், நிறுவனக் கடையில் அசல் சக்கரம் வாங்குவதே தீர்வு என்பார். மாதச் சம்பளக்காரருக்கு அது எளிய அறிவுரை. உதவித்தொகை மூன்று மாதம் பிந்தி வரும் ஆய்வாளருக்கு நான்கு அசல் அலாயின் விலையைச் சொல்லிப் பார்க்கட்டும். வெளிச்சந்தைச் சக்கரம் குற்றம் அன்று; அளவு சொல்லி விற்பவர்களும் இதே நகரில் இருக்கிறார்கள். குற்றம் அளவை மறைத்து விற்பதில்தான்.

வியப்பு வேறொன்று. பதிப்பும் பக்க எண்ணும் இல்லாத மேற்கோளைக் கண்டால் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பும் பேராசிரியர்கள், தம் குழந்தைகள் அமரும் காருக்கு ‘அலாய் செட், 4 எண்ணம்’ என்று மட்டும் எழுதிய சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறார்கள்.

சீட்டில் இருக்க வேண்டியவை மிகச் சில: காரின் பெயர், ஆண்டு, வகை, துளைவட்டம், நடுத்துளை, அகலம், ஆஃப்செட், நட்டின் மரையும் அடிவடிவும், சக்கரம் தாங்கும் சுமை, டயரின் முழு அளவும் சுமைக் குறியீடும். கீழே கடைக்காரரின் கையெழுத்து. எழுதித் தர மறுத்தால், முதலில் ஒரு சக்கரத்தை மட்டும் மாட்டச் சொல்லலாம். எல்லா நட்டும் கையாலேயே கடைசிவரை ஏற வேண்டும். ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பி, நால்வரை ஏற்றி, அருகிலுள்ள வேகத்தடை வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். நூறு கிலோமீட்டருக்குள் நட்டுகளை மீண்டும் சரிபார்க்க வேண்டும். பழைய இரும்பு ஸ்டெப்னிக்கு உரிய நட்டுகளைக் கடையில் விட்டுவிட்டு வரக்கூடாது. அலாய்க்கு வாங்கிய புது நட்டு அதில் அமராமல் போகலாம். அது தெரியவருவது பெரும்பாலும் இரவில், மழையில், ஜாக்கியின் மேல் கார் நிற்கும்போது.