நாலு நிமிஷம் பொறுங்கள்

பழைய சாமான் பைத்தியங்களில் பல ரகம் உண்டு. ஸ்டாம்ப் சேர்ப்பவர் சாது. ஓர் ஆல்பத்தோடு போய்விடும். பழைய ரேடியோ சேர்ப்பவர் ஹாலில் ஒரு மூலையைப் பிடித்துக்கொள்வார். வீட்டுக்காரம்மா முணுமுணுப்பதோடு சரி. பழைய கார் வைத்திருப்பவருக்குத் தெருவே விரோதி. இந்த வரிசையில் ரொம்ப முற்றின கேஸ் ஒன்று இருக்கிறது. பழைய மர மோட்டார் படகு வாங்கிப் புதுப்பிக்கிறவர். காரணம் சிம்பிள். கார் மக்கர் பண்ணினால் ஓரமாக நிற்கும். படகு மக்கர் பண்ணினால் கீழே போகும்.

இந்த வியாதி உச்சத்தில் இருப்பது அமெரிக்காவில். மிச்சிகன், நியூயார்க், கலிஃபோர்னியா பக்கம் டாஹோ என்று பெரிய ஏரிகள் இருக்கிற இடமெல்லாம் பரவியிருக்கிறது. கோடைக்கால சனிக்கிழமைக் காலையில் கரையில் நின்றால் பார்க்கலாம். இருபது அடி நீளம். தேன் நிறத்தில் பளபளக்கும் மஹாகனிப் பலகை. க்ரோமியம் பூசிய மூக்கு. என்ஜின் பின்னால் தொங்காது. படகின் நடுவயிற்றில் ஒரு மூடிக்குக் கீழே உட்கார்ந்து குபுகுபுவென்று உறுமிக்கொண்டிருக்கும். அதனால்தான் அதற்கு இன்போர்ட் என்று பேர். 1981-ல் வந்த ‘ஆன் கோல்டன் பாண்ட்’ படத்தில் ஹென்றி ஃபோண்டா ஓட்டுவாரே, அந்த ஜாடை.

அந்தப் படகு கிறிஸ்-க்ராஃப்ட். மிச்சிகனில் அல்கனாக் என்று ஓர் ஆற்றங்கரை ஊர். அங்கே கிறிஸ்டோபர் கொலம்பஸ் ஸ்மித் என்று ஒருவர். (அப்பா அம்மா வைத்த பேரே அதுதான். இப்படிப் பேர் வைத்தால் பிள்ளை படகு கட்டாமல் மளிகைக் கடையா வைக்கும்?) முதல் உலகப் போர் முடிந்ததும் விமானங்களுக்காகச் செய்த கர்டிஸ் ஓ.எக்ஸ்.-5 என்ஜின்கள் மிச்சப்பட்டு மலிவாகக் கிடைத்தன. அதை வாங்கி, தண்ணீருக்குத் தோதாக மாற்றி, படகில் வைத்தார். 1922-ல் மகன்களோடு கம்பெனி. அவரோடு முன்னால் கூட்டுச் சேர்ந்திருந்த கார் வுட், 1931-ல் தண்ணீரில் மணிக்கு நூறு மைலைத் தாண்டிய முதல் ஆள். ஊரே அப்படி!

இரண்டாம் உலகப் போரில் இதே கம்பெனி சிப்பாய்களைக் கரையில் இறக்கும் படகுகளை ஆயிரக்கணக்கில் கட்டித் தள்ளியது. அப்புறம் வந்தது ஃபைபர் கிளாஸ். அச்சில் வார்த்து எடுக்கலாம், உளுக்காது, வார்னிஷ் வேண்டாம். 1970-களின் ஆரம்பத்தில் மரப்படகு கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். பழசெல்லாம் கொட்டகைக்குப் போயிற்று.

அந்தக் கொட்டகைகளில் ஒன்றிலிருந்துதான் நம்ம ஆள் படகு வாங்குகிறார். நம்ம ஆள் என்றால் யாரும் இல்லை. இந்த வியாதி பிடித்த யாரோ ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் காரியமாகப் படகின் நம்பரைக் குறித்துக்கொள்கிறார். வர்ஜீனியாவில் மரினர்ஸ் மியூசியம் என்று ஒன்று இருக்கிறது. கிறிஸ்-க்ராஃப்ட் கம்பெனியின் பழைய ரிக்கார்டு முழுக்க அங்கேதான். நம்பரைக் கொடுத்தால் அந்தப் படகின் ஜாதகக் கார்டு நகல் கிடைக்கும். எந்த என்ஜின், என்றைக்கு, எந்த டீலருக்குப் போனது எல்லாம் அதில். கார்டைப் பார்த்ததும் நம்ம ஆளுக்குக் கண்ணில் ஜலம். ‘அப்படியே ஒரிஜினலாகக் கொண்டு வருவேன்’ என்று சபதம். மனைவி கேட்கும் கேள்வி எல்லா பாஷையிலும் ஒன்றுதான்: “இதுக்கு எவ்ளோ ஆச்சு?”

அடுத்து நம்ம ஆள் செய்வது, நீங்களும் நானும் செய்யக்கூடிய அதே தப்பு. மேல் பலகையில் உப்புத்தாளை வைத்துத் தேய்க்க ஆரம்பித்துவிடுகிறார்.

தேய்ப்பது சுகம். ஸ்க்ரூ தலை தெரியாமல் ஒவ்வொன்றின் மேலும் மஹாகனியில் சின்னக் குமிழ் ஒட்டி, அதன் ரேகை பலகையின் ரேகையோடு ஒரே திசையில் போகிறதா என்று பார்த்து, கறை பூசி, வார்னிஷ் அடித்து, காயவிட்டு, மறுபடி தேய்த்து, மறுபடி அடித்து… பத்துக் கோட் சாதாரணம். இருபது அடிக்கிற மகானுபாவர்களும் உண்டு. தூசி பறக்கக் கூடாது என்று தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிப்பார்கள். கடைசியில் மேல்தளத்தில் குனிந்து தலை வாரலாம்.

ஆனால் படகு மிதப்பது மேல் பலகையில் இல்லை சார். அடிப் பலகையில்.

அந்தக் காலத்து அடிப்பாகம் இரண்டு அடுக்கு. உள்ளே மெல்லிய பலகை, நடுவில் பசை தோய்த்த கித்தான், வெளியே இன்னொரு பலகை. ஓக் மரச் சட்டத்தோடு ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருப்பார்கள். ஐம்பது அறுபது வருஷத்தில் கித்தான் மக்கிவிடும். பித்தளை ஸ்க்ரூவில் இருக்கிற துத்தநாகம் மெல்ல அரித்துப் போய், தலையைத் திருகினால் தலை மட்டும் கையோடு வரும். சட்டத்துக்கு அடியில் குப்பையும் ஈரமும் தங்கி ஓக் பஞ்சாகியிருக்கும். மேலே பெயின்ட் இருப்பதால் ஒன்றும் தெரியாது. ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பார்த்தால்தான் உண்மை வரும். பாதிப் பேர் பயந்துகொண்டு குத்துவதே இல்லை. டாக்டரிடம் போனால் சுகர் இருக்குன்னு சொல்லிடுவாரோ என்று போகாமலிருப்போமே, அந்தத் தைரியம்.

சரி, மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானதும் ஆரம்பிக்கும் சண்டை.

ஒரு கோஷ்டி ‘பழைய முறைப்படிதான் கட்ட வேண்டும்’ என்கிறது. அந்த முறையில் கட்டிய படகு, குளிர்காலம் முழுக்கக் கரையில் காய்ந்தபின் வசந்தத்தில் தண்ணீரில் இறக்கினால் கூடை மாதிரி ஒழுகும். பம்ப்பை ஓடவிட்டு, மூழ்கிவிடாமல் பட்டையில் தொங்கவிட்டு, சில நாள் ஊறவைக்க வேண்டும். பலகை உப்பி ஒன்றையொன்று நெருக்கி, ஒழுகல் தானாக நிற்கும். இன்னொரு கோஷ்டி பலகைகளுக்கு நடுவே ரப்பர் மாதிரி இழுபடும் பாலியூரித்தேன் பசையைப் போடுகிறது. த்ரீஎம் 5200 என்பது அவர்கள் மந்திரம். ஸ்க்ரூவெல்லாம் சிலிக்கன் கலந்த வெண்கலம். இறக்கின அன்றே ஓட்டலாம். ஊறப்போட இதென்ன இட்லி அரிசியா என்கிறார்கள்.

“அப்ப அது ஒரிஜினல் இல்லியே?” என்று முதல் கோஷ்டி. “ஒரிஜினலா முழுகறதுக்கு இது பரவாயில்லே” என்று இரண்டாவது.

1975-ல் நியூயார்க் மாநிலத்து லேக் ஜார்ஜில் பழம் படகுக்காரர்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். இன்றும் கண்காட்சி வைத்து மார்க் போடுகிறார்கள். அந்த மார்க்குக்காக உயிரை விடுகிறவர்கள் உண்டு. என் ஓட்டு இரண்டாவது கோஷ்டிக்குத்தான். கண்ணுக்குத் தெரிகிற மஹாகனி, ஸ்டியரிங், மீட்டர் எல்லாம் பழசாகவே இருக்கட்டும். பிள்ளைகுட்டிகளை ஏற்றிக்கொண்டு நடு ஏரிக்குப் போகிறவருக்கு அடிப்பலகை புதுசாக இருந்தால் சரித்திரம் ஒன்றும் அழுதுவிடாது.

இனி என்ஜின். ஓஹையோவின் ஹெர்குலிஸ் கம்பெனி பிளாக்கை எடுத்து கிறிஸ்-க்ராஃப்ட் தன் முத்திரை போட்டு விற்ற ஆறு சிலிண்டர் ‘கே’ ரொம்பப் பிரபலம். 95 குதிரைச் சக்தி. பஜாஜ் ஸ்கூட்டரைச் சாய்த்து உதைத்துப் பழகியவர்களுக்கு இதன் குணம் உடனே பிடிபடும். கம்ப்ரஷன் ஆறு சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா? பாயின்ட் இடைவெளி சரியா? ஆறு வோல்ட் பேட்டரி என்பதால் கேபிள் தடிமனாக, முனை சுத்தமாக இருக்கிறதா? பாதி வழக்கு இங்கேயே தீரும். இந்தக் குடும்பத்து என்ஜின்களில் எதிர்த் திசையில் சுற்றுகிற ரகமும் உண்டு. அதில் ப்ளக் ஒயரை வழக்கமான வரிசையில் மாட்டினால் பொழுது விடிய விடிய ஸ்டார்ட் பண்ணலாம்; இரண்டு தும்மல்தான் வரும்.

இந்தக் காலத்துப் பெட்ரோலில் எத்தனால் வேறு கலக்கிறார்கள். பழைய கார்புரேட்டரில் மிதக்கும் தக்கைக்குப் பூசிய அரக்கை அது கரைத்துவிடும். தக்கை பெட்ரோல் குடித்துக் கனத்து, கார்புரேட்டர் வழிய ஆரம்பிக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வருகிறேன்.

எல்லாம் முடிந்தது. என்ஜினையும் ப்ரொப்பெல்லர் தண்டையும் இணைக்கிற கப்ளிங்கை நேர் பார்க்க வேண்டும். இரண்டு தட்டுகளுக்கு நடுவே ஃபீலர் கேஜை விட்டுச் சுற்றிலும் அளந்தால், நாலு அங்குலத் தட்டுக்கு ஆயிரத்தில் நாலு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. தலைமுடி கனம். நம்ம ஆள் கொட்டகையில் ராத்திரி பூரா உட்கார்ந்து சரி பண்ணுகிறார். காலையில் படகை இறக்குகிறார். போச்சு! எல்லாம் கோணல். ஏனென்றால் மரப்படகு கரையில் ஒரு வடிவம், தண்ணீரில் ஒரு வடிவம். ஸ்டாண்டில் நிற்கும்போது இரண்டு மூன்று இடத்தில்தான் தாங்கல். தண்ணீரோ அடி முழுக்கத் தாங்குகிறது. ஆகவே கரையில் சுமாராக வைத்துவிட்டு, படகு ஒன்றிரண்டு நாள் தண்ணீரில் மிதந்து உட்கார்ந்த பிறகுதான் கடைசி அளவு. தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

தண்டு படகைவிட்டு வெளியே போகிற ஓட்டையில் மெழுகு தோய்த்த கயிற்றைச் சுற்றித் திணித்து நட்டால் இறுக்கியிருப்பார்கள். தண்டு சுற்றும்போது அங்கே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வர வேண்டும். அதுதான் அதற்குக் குளிர்ச்சி. ‘ஒழுகுதே’ என்று பதறி இறுக்கினால் கயிறு கருகி, தண்டில் பள்ளம் விழும். எல்லா ஒழுகலையும் அடைத்த நம்ம ஆள், இந்த ஒன்றை மட்டும் விட்டுவைக்க வேண்டும்!

பிறகு டாப் ஸ்பீடில் ஓட்டம். ‘கே’ முழு மூச்சில் 3200 சுற்றுத் தொட வேண்டும். தொடாமல் திணறினால் ப்ரொப்பெல்லரின் முறுக்கு அதிகம். தாண்டிப் பறந்தால் குறைவு. கார்புரேட்டரைத் திருகிக்கொண்டே இருப்பதைவிட ப்ரொப்பெல்லரை மாற்றிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

இப்போது விட்டுவைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். காரில் கசிந்தால் அடியில் இறங்கிக் காற்றோடு போய்விடும். படகில் எங்கே போகும்? அடியில் ஓட்டை கிடையாது. (இருக்கக் கூடாது என்றுதானே இத்தனை பாடு!) என்ஜினுக்குக் கீழே, அடிவயிற்றில், கண்ணுக்குத் தெரியாமல் குளம் மாதிரி தேங்கி நிற்கும். சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு பொறி. அப்புறம் மஹாகனியும் இல்லை, நம்ம ஆளும் இல்லை.

அதனால்தான் 1940 ஏப்ரல் 25-க்குப் பிறகு பொருத்தின இன்போர்ட் பெட்ரோல் என்ஜின்களின் கார்புரேட்டர் வாயில் சுடர் தடுப்பான் கட்டாயம் என்று அமெரிக்காவில் சட்டம். மலிவாகக் கிடைக்கிறதே என்று கார் ஸ்டார்ட்டரையோ ஆல்டர்னேட்டரையோ மாட்டுவது தற்கொலைக்குச் சமம். படகுக்கென்று செய்ததில் உள்ளே வரும் பொறி வெளியே வராது. அடிவயிற்றுக் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் ப்ளோயர் ஒன்றும் வேண்டும். பழைய படகுகள் பலவற்றில் கம்பெனியே அதை வைக்கவில்லை. வைத்தால் ஒரிஜினல் போச்சு என்று தயங்குகிறவர்கள் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைக்கலாம். யாரும் மார்க் குறைக்க மாட்டார்கள். குறைத்தால் குறைக்கட்டும்.

புதுப் படகுகளில் இதற்கு ஓர் எச்சரிக்கை ஒட்டியிருப்பார்கள். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் ப்ளோயரை நாலு நிமிஷம் ஓட விடு. என்ஜின் மூடியைத் திறந்து மோந்து பார். பெட்ரோல் வாசனை வந்தால் சாவியைத் தொடாதே.

மூன்று வருஷம் தேய்த்து, இருபது கோட் வார்னிஷ் காயக் காத்திருந்து, தலைமுடி கனத்தை அளந்த நம்ம ஆள், முதல் ஓட்டத்தன்று கரையில் ஐம்பது பேர் கேமராவோடு நிற்கும்போது, அந்த நாலு நிமிஷம் காத்திருக்க வெட்கப்படுகிறார் பாருங்கள். அங்கேதான் எல்லாம் இருக்கிறது.

உட்காருங்கள் சார். ஒரு சிகரெட் பிடிக்கலாம் என்கிறீர்களா?

அய்யய்யோ!