இணைப்பு மொழியும் இணையாத வாக்கியங்களும்

1987ஆம் ஆண்டு நிறைவேறிய அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம், தமிழும் அரசகரும மொழியாகும் எனக் கூறி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியென வகுத்தது. ஒரு மொழியை இணைப்பு மொழியென்று சட்டத்தாற் பிரகடனஞ் செய்வது எளிது. அம்மொழியில் இரண்டு வாக்கியங்களைப் பொருந்த இணைக்கக் கற்பிப்பதோ அத்துணை எளிதன்று. கற்பிட்டி தொடக்கம் முந்தல், உடப்பு, சிலாபம் என நீளும் புத்தளக் கரையோரத்தின் தமிழ்மொழிமூல மாணவனுக்கு ஆங்கில இணைப்புச் சொற்கள் எவ்வுருவில் வந்து சேர்கின்றன? பரீட்சைக் கையேட்டின் ஒரு பக்கத்துப் பட்டியலாகவே வந்து சேர்கின்றன. ‘ஹவ்எவர்’ என்றால் எனினும்; ‘தெயர்ஃபோர்’ என்றால் ஆகவே; ‘மோர்ஓவர்’ என்றால் மேலும்; ‘ஒன் தி அதர் ஹாண்ட்’ என்றால் மறுபுறத்தில். பட்டியலை மனனஞ் செய்து, கட்டுரையிற் பந்திக்கு ஒன்றாகத் தூவினாற் புள்ளி கிட்டும் என்பது உபதேசம்.

இவ்வுபதேசம் மொழியையும் கெடுக்கிறது, அறிவையும் கெடுக்கிறது.

முதலில் மொழிக்கு விளையும் கேட்டை நோக்குக. பட்டியலில் அருகருகே நிற்கும் ‘ஓல்தோ’, ‘டிஸ்பைற்’, ‘ஹவ்எவர்’, ‘பட்’ ஆகிய நான்கும் முரணையே உணர்த்துவன. ஆயினும் அவை ஓரினத்தனவல்ல. ‘ஓல்தோ’ ஒரு முழு வாசகத்தைத் தாங்கி, அதனை மற்றொன்றிற்குக் கீழ்ப்படுத்தும். ‘டிஸ்பைற்’ பெயரை அல்லது பெயர்த்தன்மை பெற்ற தொடரையே வேண்டி நிற்கும். ‘பட்’ இரு வாசகங்களை ஒரே வாக்கியத்திற் சமநிலையில் இணைக்கும். ‘ஹவ்எவர்’ வினையடை மாத்திரமே. இரு வாசகங்களை ஒரு வாக்கியமாகக் கட்டும் வலிமை அதற்கில்லை. எனவே அதற்கு முன்னர் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். இவ்வேறுபாட்டைச் சொல்லாத பட்டியலைப் படித்த மாணவன் ‘ஓல்தோ’வில் தொடங்கிய வாக்கியத்தின் நடுவே ‘பட்’டையும் இட்டு எழுதுகிறான். அவன் சோம்பேறியல்லன், தனக்குக் கற்பிக்கப்பட்டதை இரு மடங்கு விசுவாசத்துடன் நிறைவேற்றியவன்.

அறிவுக்கு விளையும் கேடு இதனினும் பெரிது. புத்தளத்து உப்பளமொன்றை எண்ணிக் கொள்க. ‘மழை பெய்தது, உப்பு விளையவில்லை.’ இவற்றிடையே ‘ஆகவே’ என்று இட்டால், உப்பு வெயிலில் விளைவது என்பதை அறிந்தவரின் வாக்கியம் அது. ‘எனினும்’ என்று இட்டாலும் இலக்கணப் பிழை எதுவுமில்லை. ஆனால் அதனை எழுதியவர் உப்பளத்தை நெல்வயலென மயங்கியவர். இணைப்புச் சொல் அலங்காரமன்று. உலகின் இரு செய்திகளுக்கிடையே உள்ள உறவைப் பற்றி எழுதுபவர் செய்யும் உறுதிமொழி அது. உறவை ஆராயாது சொல்லை மட்டும் இடுபவர் பொய்ச்சாட்சி கூறுபவராகிறார். ‘ஒன் தி அதர் ஹாண்ட்’ என்பது ஒரே பொருளின் இரு பக்கங்களை நிறுத்துப் பார்ப்பது. ‘ஒன் தி கொன்ட்ரரி’ முன்னர் கூறப்பட்டதை மறுத்துரைப்பது. இரண்டிற்கும் ‘மாறாக’ என்று ஒரே பொருள் எழுதிக் கொடுக்கும் கையேடு, நிறுத்துப் பார்த்தலுக்கும் மறுத்தலுக்கும் வேறுபாடில்லை என்று போதிக்கிறது.

ஹலிடே, ஹசன் ஆகிய இருவரும் 1976இல் வெளியிட்ட ஆங்கில வாக்கியப் பிணைப்புப் பற்றிய நூலில் இவ்வுறவுகளைக் கூட்டல், முரண், காரணம், காலம் என நான்காக வகுத்தனர். அவ்வகுப்பு உறவுகளைப் பற்றியது. கையேட்டார் உறவை விட்டுச் சொல்லை மட்டும் எடுத்துக் கொண்டனர். பழத்தை எறிந்து தோலைப் பங்கிட்ட கதை இது.

இனி, இக்குறைக்குத் தமிழ்மொழி மூலத்தையே காரணங் காட்டுவோரும் உளர். தமிழிலே தருக்கத்தைத் தொடுக்கும் சொற்கள் குறைவு என்றும், அதனாலேயே தமிழ் மாணவர் ஆங்கிலத்தில் இடறுகின்றனர் என்றும் அவர் கூறுவர். இக்கூற்று அறியாமையின் பாற்பட்டது. இடைச்சொல்லுக்குத் தனி இயலே வகுத்தது தொல்காப்பியம். ‘உம்’ என்னும் ஒரு சொல்லுக்கு எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என எட்டுப் பொருள் கண்டது. உடப்பின் மீனவச் சிறுவன் ‘சோழகம் எழுந்ததால் தோணி கடலுக்குப் போகவில்லை’ என்பான். ‘சோழகம் எழுந்தும் தோணி கடலுக்குப் போயிற்று’ என்றுஞ் சொல்வான். முன்னதில் ‘ஆல்’, பின்னதில் ‘உம்’. காரணத்திற்கும் முரணுக்கும் உள்ள வேறுபாட்டை அவன் எந்தப் பட்டியலிலும் படித்தவனல்லன். ஆயினும் ஒரு நாளும் அவற்றை மாறி வழங்கான்.

அவன் அறியாதது ஒன்றே: இடம். தமிழ் தன் இணைப்பை வாசகத்தின் இறுதியில், வினையோடு ஒட்டி வைக்கும். ஆங்கிலம் அதனைத் தலைப்பில் வைக்கும். அக்கரையோரத்திற் பலருக்கும் பழக்கமான சிங்களமும் ‘நிசா’ என்னும் காரணச் சொல்லை வாசகத்தின் இறுதியிலேயே வைக்கிறது. அவ்வாறாயின், அம்மாணவன் வீட்டிலும் சந்தையிலும் கேட்கும் இரு மொழிகளும் ஒரு திசையில் நிற்க, ஆங்கிலம் மட்டும் எதிர்த்திசையில் நிற்கிறது. இந்த ஒரு திருப்பத்தைத் தெளிவாகக் காட்டிவிட்டால் பட்டியலின் பாதி வேண்டாததாகிவிடும். அதனைக் காட்டுதற்குத் தமிழ் தடையன்று, தமிழே கருவி.

தமிழில் ஆழக் காலூன்றியவர் ஆங்கிலத்தில் தொடர்புற எழுத முடியாது என்போருக்கு இக்கரையோரமே விடை பகரும். 1807இல் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கை விபரத்திரட்டை ஆங்கிலத்தில் எழுதினார். 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றைத் ‘தமிழ் புளூராக்’ என ஆங்கிலத்திலேயே வெளியிட்டார். தமிழறிவே அந்நூலின் முதல். அவர் தமிழை மறந்து ஆங்கிலம் பெற்றவரல்லர்.

ஆனால் குற்றம் பாடசாலையின் வாயிலோடு முடிவதன்று. பல்கலைக்கழகத் தமிழ்க் கட்டுரைகளைப் புரட்டிப் பார்ப்பவர், ‘மேலும்’ என்று தொடங்கும் பந்தியின் பின் ‘அத்துடன்’ என்று தொடங்கும் பந்தியையும், எதுவும் நிறுவப்படாத இடத்தில் ‘எனவே’யையும், ஒரு பக்கமே காட்டப்பட்ட இடத்தில் ‘மறுபுறத்தில்’ என்பதையும் காண்பர். ‘எனவே’ என்பதன் அடி ‘என்’ என்னும் வினை. முன்னே ஒன்று சொல்லப்பட்டிருந்தாலன்றி அதற்குக் கால் இல்லை. தம் கட்டுரையில் உறவில்லாது உறவுச்சொல் இடும் விரிவுரையாளர், ஆங்கிலத்தில் அவ்வாறே செய்யும் மாணவனை நகைப்பதற்கு என்ன உரிமை உண்டு?

செய்ய வேண்டுவன சிலவே. இணைப்புச் சொற்பட்டியலை வகுப்பறையிலிருந்து அகற்றுக. இரண்டு செய்திகளை இணைப்பின்றிக் கொடுத்து, அவற்றிடையே உள்ள உறவு யாதென மாணவனை முதலில் தமிழிற் சொல்ல விடுக. பின்னர் அவ்வுறவுக்கு ஆங்கிலம் வழங்கும் சொல்லையும், அச்சொல்லின் இனத்தையும், நிற்கும் இடத்தையும், அதற்குரிய நிறுத்தக் குறியையும் கற்பிக்குக. இறுதியாக, உறவு தானே விளங்கும் இடத்தில் இணைப்புச் சொல்லை நீக்கவும் பழக்குக. விடைத்தாள் திருத்துவோர் இன்ன சொல் உண்டா என்று தேடாது, அச்சொல் கூறும் உறவு உண்மையா என்று வினவுக.

சட்டம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. காரணத்தையும் முரணையும் தாய்மொழியில் பிரித்தறியும் ஒரு சிறுவனின் அறிவோடு இணையாத ஆங்கிலம், வேறு எவரோடும் அவனை இணைக்கப் போவதில்லை.