செய்வினையில் சொல்வோம்

‘அதிகம் அறியப்படாத எழுத்தாளர்’ என்று கருத்தரங்குகளில் தயக்கமின்றிச் சொல்கிறோம். செயப்பாட்டுவினையில் செய்பவரை மறைப்பது எளிது. அறியாதவர் யார் என்பதை இத்தொடரும் மறைக்கிறது.

2025 மே மாதம் பானு முஷ்தாக்கின் ‘ஹார்ட் லாம்ப்’ சர்வதேச புக்கர் பரிசு பெற்றதும், இங்கே பெங்களூரிலேயே அவரைப் புதிதாகக் கண்டெடுத்தவர்போலப் பேசினோர் உண்டு. அதிலுள்ள 12 கதைகளும் 1990 முதல் 2023 வரை கன்னடத்தில் எழுதப்பட்டவை. கன்னட வாசகர் காத்திருக்கவில்லை. தீபா பஸ்தியின் ஆங்கிலத்துக்காகக் காத்திருந்தவர்கள் நாம்.

தமிழ் மட்டும் விலக்கா? பூமணியின் ‘வெக்கை’ வெளிவந்தது 1982இல்; என். கல்யாண் ராமனின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது 2019இல். ஆங்கிலவழி ஆய்வுலகுக்கு அந்த நாவல் 37 ஆண்டுகள் ‘அறியப்படாதது’.

இன்று முதல் நாவலோ ஊர் வரலாறோ எழுதும் ஒருவரை ஆய்வுக்கு எடுத்தால், ‘துணைமைச் சான்றுகள் இல்லையே’ என்கிறோம். அவற்றை எழுதவேண்டியவர்கள் நாமல்லவா? நாம் எழுதாததையே காரணம் காட்டி நாமே விலக்குவது எவ்வகை நெறிமுறை?

புதிய நூல்கள் யாவும் சிறந்தவை என்பதன்று என் வாதம். படித்தபின் நிராகரியுங்கள், படிக்காமல் நிராகரிப்பதற்குத் தரமதிப்பீடு என்று பெயரிடாதீர்கள்.

பரிசும் மொழிபெயர்ப்பும் பெறாத ஒரு புதிய நூலுக்கு இவ்வாண்டு ஆளுக்கொரு மதிப்புரை எழுதுவோம். அதுவரை ‘அறியப்படாத எழுத்தாளர்’ என்னாமல், ‘நாம் படிக்காத எழுத்தாளர்’ என்று செய்வினையில் சொல்வோம்.