வலி போயிருச்சு சார், ஞாயித்துக்கிழமை ஆடலாமா?

திங்கட்கிழமை காலை ஓ.பி.யில் அடிக்கடி பார்க்கும் காட்சி இது.

ராஜபாளையமோ, ஸ்ரீவில்லிபுத்தூரோ, நடுவில் இருக்கும் ஏதோ ஒரு கிராமமோ, முந்தின நாள் ஃபுட்பால் ஆடிய தம்பி ஒருவர் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வருவார்.

"சார், பந்தைத் துரத்தி ஓடுனேன். பின்னாடி இருந்து யாரோ கல்லால அடிச்ச மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பாத்தா ஒருத்தனும் இல்ல. தொடை நரம்பு இழுத்துருச்சு."

கல்லால் யாரும் அடிக்கவில்லை. இழுத்தது நரம்பும் இல்லை. தொடையின் பின்பக்கத் தசை கிழிந்திருக்கிறது. டிவி கமென்ட்ரியில் ஹாம்ஸ்ட்ரிங் என்று சொல்கிறார்களே, அதுதான்.

இந்தக் காயத்தை நம் ஊரில் நாம் கையாளும் விதம் தப்பு என்பது என் கருத்து. "நாம்" என்பதில் முதல் ஆள் நான்தான். ஏன் என்று சொல்கிறேன். இழை கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அது என்ன தசை என்று பார்ப்போம்.

நாற்காலியில் உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் அழுத்திக்கொண்டு, முழங்காலுக்குப் பின்னால் இரண்டு ஓரத்திலும் தொட்டுப் பாருங்கள். கயிறு மாதிரி விறைப்பாகத் தட்டுப்படும். அவை ஹாம்ஸ்ட்ரிங் தசைகளின் நாண்கள். நாம் உட்காரும்போது தரையில் படும் இடுப்பெலும்பில் தொடங்கி, முழங்காலைத் தாண்டிக் கீழே வந்து ஒட்டும் மூன்று தசைகள் சேர்ந்த கூட்டம் இது.

இது என்ன வேலை செய்கிறது? ஆடிப்பூரத் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடித்து இழுப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் அவ்வளவு பெரிய தேரை நிறுத்துவது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடும் சில பேர்தான். வேகமாக ஓடும்போது முன்னால் வீசி எறியப்படும் காலுக்கு முட்டுக்கட்டை போடுவது ஹாம்ஸ்ட்ரிங். பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால், தசை நீண்டுகொண்டே இருக்கும், அதே நேரத்தில் முழு பலத்தோடு இழுத்தும் பிடிக்கும். பெரும்பாலான கிழிசல் அந்த நொடியில்தான் நடக்கிறது. அதனால்தான் மெதுவாக ஓடும்போது ஒன்றும் ஆகாதவர்கள், பந்தைத் துரத்திப் பாயும்போது மாட்டிக்கொள்கிறார்கள்.

இனி என் தப்பு. (அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கும் தம்பி. வயது 21. விங்கில் ஆடுபவர், நல்ல வேகம். முதல் தடவை தசை கிழிந்து வந்தபோது பார்த்தேன். கிழிசல் நடுத்தரம். மாத்திரை எழுதினேன். சீட்டில் "மூன்று வாரம் முழு ஓய்வு" என்றும் எழுதிக் கொடுத்தேன். அவ்வளவுதான். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

தம்பி சொன்ன பேச்சை அப்படியே கேட்டார். மூன்று வாரம் வீட்டை விட்டு அசையவில்லை. இருபத்தி இரண்டாவது நாள் மைதானத்தில் இறங்கினார். பத்தே நிமிடம். அதே கால், அதே இடம், முதலில் கிழிந்ததைவிடப் பெரிய கிழிசல்.

திரும்பி வந்தபோது அவர் கோபப்படவில்லை. "நீங்க சொன்ன மாதிரிதான சார் இருந்தேன்?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த மாதம் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கான ஒரு தேர்வில் அவர் ஓட வேண்டியிருந்தது. ஓட முடியவில்லை. வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சம்பளமும் இல்லை.

நான் எழுதிக் கொடுத்த சீட்டில் இரண்டு தப்பு இருந்தது. ஒன்று, ஆரம்பத்தில் தேவைக்கு மேல் ஓய்வு. இரண்டு, ஓய்வுக்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை.

கிழிந்த இடத்தில் வலி குறைவது ஒரு கணக்கு. அந்த இடம் பழைய பலத்துக்குத் திரும்புவது வேறு கணக்கு. முதல் கணக்கு சீக்கிரம் முடிந்துவிடும். நடந்தால் வலிக்காது, படி ஏறினால் வலிக்காது, மெதுவாக ஓடினால்கூட வலிக்காது. ஆனால் உள்ளே புதிதாக உருவாகும் திசு இன்னும் இளசு. மூன்று வாரம் சும்மா இருந்ததில் சுற்றியுள்ள நல்ல தசையும் மெலிந்திருக்கும். முக்கியமாக, தசை முழுதாக நீளும் நிலையில் அதற்குப் பிடிமானம் இருக்காது. ஸ்பிரின்ட் கேட்பதோ அந்த நிலையில் பிடிமானத்தைத்தான்.

டென்மார்க்கில் நடந்து 2017ல் வெளியான ஓர் ஆய்வு. தொடையிலோ கெண்டைக்காலிலோ தசை கிழிந்த 50 அமெச்சூர் வீரர்கள். பாதிப் பேருக்குக் காயம்பட்ட இரண்டாவது நாளே படிப்படியான பயிற்சி தொடங்கினார்கள். மீதிப் பேருக்கு ஒன்பதாவது நாள். வித்தியாசம் ஒரே ஒரு வாரம்தான். ஆனால் முதல் குழு மைதானத்துக்குத் திரும்பச் சராசரியாக 62 நாள் ஆனது, இரண்டாவது குழுவுக்கு 83 நாள். ஒரு வாரம் தாமதித்ததற்கு மூன்று வாரம் தண்டனை!

"ஊர்ல ஆடுற பையனுக்கு இதெல்லாம் நடக்கும். பெரிய பிளேயர்களுக்கு நடக்குமா?" என்று கேட்பீர்கள். நடக்கும்.

கெவின் டி ப்ருய்னே. அப்போது மான்செஸ்டர் சிட்டி, பெல்ஜியம். 2023 ஜூன் 10, இஸ்தான்புல், சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. ஹாம்ஸ்ட்ரிங் காயத்தோடு முதல் பாதியிலேயே வெளியேறினார். இரண்டு மாதம் கழித்து ஆகஸ்ட் 11 அன்று பர்ன்லிக்கு எதிராக இறங்கினார். அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை, மறுபடியும் ஹாம்ஸ்ட்ரிங். ஆபரேஷன் ஆனது. மீண்டும் களத்தில் கால் வைத்தது 2024 ஜனவரியில். உலகின் சிறந்த பிசியோக்களும் ஸ்கேன் மெஷின்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மனிதருக்கே இந்தக் கதி.

ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளைப் பல சீசன்களாகத் தொடர்ந்து கவனித்த ஆய்வும் இதையே சொல்கிறது. மொத்தக் காயங்களில் ஹாம்ஸ்ட்ரிங்கின் பங்கு 2001-02 சீசனில் 12 சதவீதம், 2021-22ல் 24 சதவீதம். இந்த ஹாம்ஸ்ட்ரிங் காயங்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று, ஏற்கெனவே கிழிந்தது மறுபடி கிழிந்தது. அப்படி மறுபடி கிழிந்ததில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், களம் திரும்பிய முதல் இரண்டு மாதத்துக்குள்.

ஆக, ஆபத்தான காலம் வலி இருக்கும் காலம் அல்ல. வலி போன பிறகு வரும் இரண்டு மாதம்.

இன்னொரு விஷயம். தம்பிமார்கள் எனக்கு உதாரணம் காட்டுவது சிட்னி டெஸ்டை. 2021 ஜனவரி 11. ஹனுமா விஹாரிக்கு ஹாம்ஸ்ட்ரிங் கிழிந்துவிட்டது. ஓட முடியாது. நம்ம அஷ்வினுக்கு முதுகுவலி. இருவரும் நின்று டிரா செய்து கொடுத்தார்கள். விஹாரி 161 பந்தில் 23 நாட் அவுட். எனக்கும் இப்போது நினைத்தால் புல்லரிக்கும்.

ஆனால் கவனியுங்கள். அவர் ஓடவில்லை, நின்று தடுத்தார். அடுத்த பிரிஸ்பேன் டெஸ்டில் அவரால் ஆட முடியவில்லை. ஃபுட்பாலில் நின்று தடுக்க வழியில்லை தம்பி. "விஹாரி ஆடலையா" என்று மெடிக்கல் ஷாப்பில் வலி ஊசி போட்டுக்கொண்டு ஃபைனல் ஆடப் போகாதீர்கள். ஊசி வலியைத்தான் மறைக்கும். கிழிசலை ஒட்டாது.

சரி, என்ன செய்ய வேண்டும்?

முதல் இரண்டு மூன்று நாள்:
• ஆட்டத்தை உடனே நிறுத்துங்கள். "ரெண்டு நிமிஷம் ஓடிப் பாக்குறேன்" வேண்டாம்.
• துணியில் சுற்றிய ஐஸ், ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். இது வலியைக் குறைக்க மட்டும்.
• இதமான இறுக்கத்தில் கட்டு. பேண்டேஜ் துணிக்குப் பேர்போன சத்திரப்பட்டி பக்கத்தில்தான் இருக்கிறது, நமக்குக் கட்டுத் துணிக்கா பஞ்சம்!
• எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பது, சுளுக்கு எடுப்பது, வெந்நீர் ஒத்தடம், மூன்றும் இந்த நாட்களில் வேண்டாம். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது அழுத்தித் தேய்த்தால் கசிவு அதிகமாகும்.
• வலியைத் தூண்டாத அளவுக்கு நடக்கலாம், காலை மடக்கி நீட்டலாம். கட்டிலோடு கிடக்க வேண்டாம்.

உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்:
• "டப்" என்று சத்தம் கேட்டவர்கள்
• நடக்கவே முடியாதவர்கள்
• தொடையில் பெரிதாகக் கருநீலம் பாய்ந்தவர்கள்
• உட்காரும் எலும்பு பக்கத்தில் வலி உள்ளவர்கள்
• பாதத்தில் மரத்துப்போன உணர்வு உள்ளவர்கள்

பள்ளி மாணவர்கள் என்றால் கூடுதல் கவனம். அந்த வயதில் தசை கிழிவதற்குப் பதிலாக, அது ஒட்டியிருக்கும் எலும்புத் துண்டு பெயர்ந்து வரலாம். அதற்கு எக்ஸ்ரே வேண்டும்.

பி.ஆர்.பி ஊசி போடலாமா என்று வெளியூர் போய்க் கேட்டுவிட்டு வருகிறார்கள். 2014ல் நெதர்லாந்தில் 80 வீரர்களிடம் வெறும் உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். களம் திரும்பும் நாளில் வித்தியாசம் இல்லை. அந்தப் பணத்தில் நல்ல பிசியோதெரபிஸ்ட்டை நாலு தடவை பாருங்கள்.

எப்போது ஆடலாம்? இப்போதெல்லாம் நான் தேதி எழுதிக் கொடுப்பதில்லை. பட்டியல் எழுதிக் கொடுக்கிறேன்.

1. காயம்பட்ட இடத்தை விரலால் அழுத்தினால் வலிக்கக் கூடாது.
2. மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்காமல் தூக்கினால் இரண்டு காலும் ஒரே உயரம் வர வேண்டும்.
3. மல்லாக்கப் படுத்து ஒற்றைக் குதிகாலை ஊன்றி இடுப்பைத் தூக்கி இறக்க வேண்டும். நல்ல காலில் எத்தனை முடிகிறதோ, அடிபட்ட காலிலும் ஏறக்குறைய அத்தனை.
4. பாதி வேகம், முக்கால் வேகம், முழு வேகம் எனப் படிப்படியாக ஓடி, முழு வேக ஸ்பிரின்ட்டைப் பல நாள் பயிற்சியில் முடித்திருக்க வேண்டும்.
5. அணியோடு முழுப் பயிற்சி சில தடவை ஆகியிருக்க வேண்டும்.
6. மனசில் பயம் இருக்கக் கூடாது. "காலை வீசும்போது ஒரு மாதிரி இருக்கு சார்" என்றால் இன்னும் நாள் இருக்கிறது.

சிலருக்கு மூன்று வாரத்தில் ஆறும் டிக் ஆகும். சிலருக்கு மூன்று மாதம் ஆகும். நாட்காட்டியைப் பார்த்து இறங்காதீர்கள்.

கடைசியாக, வராமல் தடுப்பது. இதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நார்டிக் என்று ஒரு பயிற்சி. மண்டியிட்டு நிமிர்ந்து இருங்கள். பின்னால் ஒரு நண்பர் இரண்டு கணுக்காலையும் அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும். இடுப்பை மடக்காமல், உடம்பை முன்னால் முடிந்த அளவு மெதுவாகச் சாயவிடுங்கள். தாங்க முடியாதபோது கைகளை ஊன்றி விழுங்கள், கையாலேயே தள்ளி எழுந்துகொள்ளுங்கள். அவ்வளவுதான். முட்டுக்கட்டை போடும் வேலைக்கே தசையைப் பழக்கும் பயிற்சி இது.

டென்மார்க்கில் 50 அணிகள், 942 வீரர்களிடம் இதைச் சோதித்து 2011ல் வெளியிட்டார்கள். பத்து வாரப் பயிற்சி செய்த அணிகளில் 15 ஹாம்ஸ்ட்ரிங் காயம். செய்யாத அணிகளில் 52. ஏற்கெனவே கிழிந்தது மறுபடி கிழிந்தது மட்டும் பார்த்தால் 3க்கு 20.

முதல் வாரம் ஒரே நாள், ஐந்து ஐந்தாக இரண்டு செட் போதும். அடுத்தடுத்த வாரங்களில் கூட்டலாம். ஆரம்பத்தில் தொடை கடுக்கும், பயப்பட வேண்டாம். காயம் ஆறிக்கொண்டிருப்பவர்கள் மட்டும் மருத்துவரையோ பிசியோவையோ கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

செலவு? ஒரு துண்டு, முட்டிக்கு அடியில் விரிக்க.

பி.இ.டி ஆசிரியர்களுக்கும் டோர்னமென்ட் நடத்தும் அண்ணன்மார்களுக்கும் என் வேண்டுகோள். கோப்பைக்கும் மைக் செட்டுக்கும் செலவு செய்கிறீர்கள், சந்தோஷம். கூடவே இரண்டு விஷயம். ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால் 20 நிமிட வார்ம்-அப்புக்கு இடம் விடுங்கள். ஃபிஃபா 11+ என்ற பயிற்சித் திட்டம் அவ்வளவு நேரத்துக்காகவே இலவசமாகக் கிடைக்கிறது, நார்டிக்கும் அதில் இருக்கிறது. இரண்டாவது, ஒரே நாளில் ஒரே பையனை மூன்று மேட்ச் ஓட விடாதீர்கள். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்து நிற்பவனை முதல் மேட்சில் இறக்காதீர்கள். களைத்த தசைதான் சீக்கிரம் கிழியும்.

பெற்றோருக்கும் ஒன்று. "இனிமே விளையாட்டே வேணாம்" என்று சொல்லிவிடாதீர்கள். இது சரியாகக்கூடிய காயம். சரிசெய்யும் முறைதான் நமக்குப் பழக வேண்டும். எனக்கும் பழக நாளானது.

அந்தத் தம்பி போன மாதம் வந்திருந்தார். தினமும் ஷிப்ட் முடிந்து வந்ததும் பயிற்சி. அவர் தம்பி, ஒன்பதாம் வகுப்பு, கணுக்காலைப் பிடித்துக்கொள்கிறானாம். சோதித்துப் பார்த்தேன். பட்டியலில் ஐந்து டிக். முழு வேக ஸ்பிரின்ட் மட்டும் பாக்கி.

"வலி சுத்தமா இல்ல சார். ஞாயித்துக்கிழமை ஆடலாமா?"

"நாலாவது என்னப்பா?"

சிரித்துக்கொண்டே சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஆடவில்லை.

உங்கள் ஊர் டீமின் வாட்ஸ்அப் குரூப்பில் இதைப் பகிருங்கள்.