மணலுக்குக் கேட்பார்கள், மலைக்குக் கேட்கமாட்டார்கள்

கனிமத் தொழிலில் தனியாருக்குத் தாராளமாக வழிவிட்டது 1993-ம் ஆண்டின் தேசியக் கனிமக் கொள்கை. மண்ணின் மக்களிடம் அந்தத் தாராளம் காட்டப்படவில்லை. பழங்குடியினர் பகுதிகளில் மணல், கல் போன்ற சிறுகனிமக் குத்தகைக்கு கிராம சபை அல்லது ஊராட்சியின் முன்பரிந்துரை கட்டாயம் என்கிறது 1996-ம் ஆண்டின் 'பெசா' சட்டம். இரும்பு, பாக்சைட் போன்ற பெருங்கனிமங்களுக்கு இந்நிபந்தனை இல்லை.

ஒடிசாவின் நியமகிரியில் 2013-ல் 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கத்தை நிராகரித்தன. அவ்வாய்ப்பை வன உரிமைச் சட்டத்தின் அடிப்படையில் தந்தது உச்ச நீதிமன்றம், கனிமச் சட்டமன்று. 2015-ம் ஆண்டுத் திருத்தத்தால் உருவான மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் பாதிக்கப்பட்டோருக்கு நிதி வழங்குகின்றன. முடிவெடுப்பதில் பங்கு வழங்கவில்லை.

முதலீடு அவசியமே. எனினும், நிலத்தை இழப்பவரின் ஒப்புதலைக் கனிமச் சட்டமே கட்டாயமாக்க வேண்டும். இழப்பீடு ஒருபோதும் சம்மதத்துக்கு ஈடாகாது.