"இப்போ நெட் வருதுல்ல சார்?"

இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே இணைய நிறுவனங்கள் புகார்களை மூடிவிடுகின்றன. "வருகிறது" என்று நாம் வாய் தவறிச் சொன்னால் போதும், புகார் தீர்ந்ததாகக் கைபேசிக்குச் செய்தி வந்துவிடும். பத்து நிமிஷத்தில் நெட் மறுபடி போகும். மறுபடி புகார், புது நம்பர். சர்க்கார் ஆபீசில் பிரச்சினை தீராமல் கோப்பை மூடினால் எனக்கு மெமோ வந்திருக்கும். இங்கே அதற்குச் சேவை என்று பெயர்.

விட்டு விட்டு வருகிற பழுதும் பழுதுதான் ஐயா. முறைக்காய்ச்சல்காரனை டாக்டர் பார்க்கும் நேரத்தில் உடம்பு சில்லென்று இருக்கலாம். அதற்காக "உனக்கு ஒன்றுமில்லை, போ" என்பாரா? எப்போது வருகிறது, எத்தனை நாளைக்கு ஒரு தரம் என்றுதான் முதலில் கேட்பார். வந்து வந்து போவதே அந்த நோயின் அடையாளம். 1880-இல் அல்ஜீரியாவில் அதன் கிருமியை ரத்தத்தில் கண்டுபிடித்த லவரான் என்ற ராணுவ டாக்டரின் பெயரைப் பிரெஞ்சில் படித்த எங்கள் தலைமுறை மறக்காது.

அரை நிமிஷ ஸ்பீட் டெஸ்ட் எடுத்து, "பாருங்க, நூறு காட்டுது" என்கிறார்கள். ஒரு நாளில் 2880 அரை நிமிஷம் இருக்கிறது. மீதி 2879-க்கு யார் பொறுப்பு? 2004-ஆம் வருஷத்து பிராட்பேண்ட் கொள்கையில் அரசாங்கம் கொடுத்த இலக்கணமே "எப்போதும் இயங்கும் இணைப்பு" என்றுதான் தொடங்குகிறது. அன்றைக்குக் கேட்ட குறைந்தபட்ச வேகம் வெறும் 256 கேபி. 2023-இல் அதை 2 எம்பி ஆக்கினார்கள். நமக்கு வேகம் போதும், நின்று வந்தால் சரி.

அடுத்த யோசனை, "வயரை விடுங்க, வைஃபையில போடுங்க". செட்டிநாட்டு வீட்டுக்குள் வந்து பார்த்தவர் இதைச் சொல்லமாட்டார். முகப்பில் மோடம், இரண்டாம் கட்டில் கம்ப்யூட்டர், நடுவில் செங்கல்லும் சுண்ணாம்புமாய்க் கனத்த சுவர்கள். வைஃபை வளவைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கும். நவம்பரில் ஜீவன் பிரமாணுக்கு விரல் ரேகை வைத்த நொடியில் நெட் போனால், நான் உயிரோடு இருக்கிறேன் என்பதற்கே சாட்சி இல்லை!

ஆகவே நம் பக்கத்தை நாமே பார்த்துவிட்டு அவர்களிடம் பேச வேண்டும். லேன் வயருக்குள் எட்டுக் கம்பி, நான்கு ஜோடி. முனையில் ஒன்று தளர்ந்தாலும் தொடர்பு விட்டு விட்டு வரும். செம்பு பச்சை பூக்கும் என்பதை செக்ரி இருக்கும் ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேறு வயர் போட்டுப் பாருங்கள், மோடத்தில் வேறு துளையில் செருகுங்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்த விண்டோஸ் நெட்வொர்க் கார்டைத் தூங்க வைக்கும், அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். பிறகு இரண்டு ஜன்னலில் பிங் ஓட விடுங்கள், ஒன்று மோடத்துக்கு, ஒன்று வெளியே 8.8.8.8-க்கு. மோடமே பதில் சொல்லாவிட்டால் கோளாறு நம் வீட்டில். மோடம் பேசி, வெளியே மட்டும் மௌனம் என்றால், அவர்கள் பக்கம்.

ஒன்பது நாள் நோட்டில் நேரம் எழுதினேன். அறுந்ததெல்லாம் பகல் பன்னிரண்டிலிருந்து நான்கு மணிக்குள். மோடம் ஒரு தடவைகூடத் தவறவில்லை. நோட்டைப் பார்த்த பையன் ஏணியை எடுத்துக்கொண்டு நேரே தெருக்கம்பத்துக்குப் போனான். வெயிலில் காயும் பெட்டிக்குள் இணைப்பு தளர்ந்திருந்தது. கெட்டிக்காரப் பையன். முந்தி வந்த மூன்று பேரும் அப்படித்தான். அவர்களுக்குக் கொடுத்த உத்தரவு பழுதைப் பார் என்பதல்ல, புகாரை மூடு என்பது.

புகார் கொடுத்தவர் கையெழுத்தில்லாமல் மூடக்கூடாது. மூடுமுன் இரண்டு பகல், இரண்டு இரவு கவனிக்க வேண்டும். அறுந்திருந்த நாட்களுக்கு நாம் கேட்காமலே பில்லில் கழிக்க வேண்டும். அடுத்த தடவை அந்தக் கேள்வி வந்தால், "இப்போ வருது தம்பி, புகாரை மூடாதே, நாளை மதியம் ரெண்டு மணிக்குக் கூப்பிடு" என்று சொல்லுங்கள்.