அன்னையின் அறியப்படாத ஆண்டுகள்



சென்ற கல்லறைத் திருநாளுக்குச் சற்று முன்பாக, நமது பங்கில் வயது முதிர்ந்த ஒரு தாயை அடக்கம் செய்தோம். எண்பதைக் கடந்தவர். நாள் தவறாமல் காலைத் திருப்பலிக்கு வந்து, இடப்பக்கத் தூணருகே அமர்ந்து செபமாலை சொல்லுபவர். அடக்கத் திருப்பலியில் அவரைக் குறித்து இரண்டொரு வார்த்தை பேச வேண்டுமே என்று மூத்த மகனை அறைவீட்டிற்கு அழைத்து, "உங்கள் தாயார் திருமணத்திற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்?" என்று கேட்டோம். அவர் நம்மை வியப்போடு பார்த்தார். "அம்மாவாத்தான் இருந்தாங்க, சாமி. வேறென்ன?" என்றார்.

அந்த விடை பல நாட்கள் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. அந்நாட்களில் நாம் படித்துக்கொண்டிருந்தது, அமெரிக்க நாட்டில் வாழ்ந்து மறைந்த மற்றொரு தாயின் வரலாறு என்பதும் அதற்கு ஒரு காரணமாகலாம். அவர் பெயர் சாரிட்டி ஆடம்ஸ் எர்லி. சாரிட்டி என்றால் பிறரன்பு. புனித பவுல் எண்ணிக் காட்டும் மூன்றனுள் தலையாயது.

அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் சபைப் போதகர் ஒருவருக்கும் ஓர் ஆசிரியைக்கும் 1918-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் பிறந்த மூத்த மகள். வேதமும் பாடமும் ஒருங்கே ஒலித்த வீடு. வெள்ளையருக்கு ஒரு வாசல், கறுப்பருக்கு ஒரு வாசல் என்றிருந்த தென் கரோலினாவில் வளர்ந்து, அச்சபையார் நடத்திய வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்தில் 1938-இல் பட்டம் பெற்று, கணிதம் கற்பிக்கலானார். 1942-இல் அமெரிக்க இராணுவம் பெண்களுக்கெனத் துணைப்படை ஒன்றை அமைத்தபோது அதிற் சேர்ந்து, அப்படையில் அதிகாரியாக நியமனம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார்.

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், ஐரோப்பாவிலிருந்த அமெரிக்கப் படைவீரருக்கு வந்த கடிதங்கள் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் மலைபோல் தேங்கிக் கிடந்தன. ஏறத்தாழ ஒரு கோடியே எழுபது இலட்சம் என்பர். 1945 பிப்ரவரியில் மேஜர் ஆடம்ஸ் அங்கே போய்ச் சேர்ந்தார். அவர் தலைமையில் 855 பேர் கொண்ட 6888-ஆம் அஞ்சல் படை அப்பணியை ஏற்றது. ஏறக்குறைய அனைவரும் கறுப்பினப் பெண்கள். வெப்பமூட்டும் வசதியற்ற கிடங்குகள். விமானத் தாக்குதலுக்கு அஞ்சி மறைக்கப்பட்ட சன்னல்கள். வீட்டிலிருந்து தாய்மார் அனுப்பிய பலகாரப் பொதிகளைத் தின்று கொழுத்த எலிகள்!

எழுபது இலட்சம் பேருக்கு விலாச அட்டைகள் வைத்திருந்தார்கள். ராபர்ட் ஸ்மித் என்ற பெயர் மட்டும் 7,500 பேருக்கு இருந்ததாம். படை எண்ணைக் கொண்டே இன்னார் எனத் தெளிய வேண்டும். சில கடிதங்களில் அதுவும் இல்லை. செல்லப்பெயரும் அமெரிக்கப் படை என்பதும் மட்டுமே. எந்தத் தாய்க்குத் தன் மகன் படை எண்ணாகத் தோன்றுவான்?

இங்கே நம் தாயின் நினைவு வருவதை வாசகர்கள் பொறுத்துக்கொள்க. நாம் சிறு குருமடத்தில் பயின்ற நாட்களில் அவர் மாதம் ஒரு இன்லண்டு கடிதம் அனுப்புவார். எழுதத் தெரியாதவர், அவர் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு மாணவி எழுதித் தருவாள். ஒருமுறை விலாசத்தில் ஊர்ப்பெயர் விட்டுப்போயிற்று. மூன்று வாரம் எங்கெங்கோ அலைந்து, நான்கு தபால் முத்திரைகளோடு அது நம் கைக்கு வந்தது. "மழை பெய்தது, ஆடு குட்டி போட்டது, நீ சாப்பிடு" என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. இருப்பினும் அதனை எத்தனை முறை படித்தோம் என்று கணக்கில்லை. அதைத் தேடிச் சேர்ப்பித்த முகமறியாத தபால் ஊழியருக்காக இன்றும் செபிக்கின்றோம்.

அத்தகைய ஊழியர் 855 பேர். நாளுக்கு மூன்று முறை மாறி, வாரம் ஏழு நாளும், ஒரு முறைக்கு 65,000 கடிதங்கள் வீதம் பிரித்தனர். ஆறு மாத வேலை மூன்று மாதத்தில் முடிந்தது. மரித்த வீரருக்கு வந்த கடிதங்களைக் குறியிட்டு அனுப்பியவர்க்கே திருப்பும் துயரப் பணியும் அவர்களுடையதே.

ஒருநாள் படைத்தலைவர் ஒருவர் அணிவகுப்பைப் பார்வையிட வந்தார். சிலர் பணியிலும் சிலர் உறக்கத்திலும் இருந்தமையால் அனைவரும் அணியில் நிற்கவில்லை. அவர் வெகுண்டு, படையை எப்படி நடத்துவது என்று காட்ட ஒரு வெள்ளைக்காரத் துணை அதிகாரியை அனுப்பப் போவதாகக் கூறினார். தம் உயிர் உள்ளவரை அது நடவாது என்றார் இருபத்தாறு வயது மேஜர். இராணுவ விசாரணை என்று மிரட்டினர். அவரோ அஞ்சாமல், இனத்தைச் சுட்டி இழித்துரைப்பது தலைமையகத்தின் கட்டளைக்கே முரணானது என்று எதிர்வழக்குத் தொடுக்க ஆயத்தமானார். விசாரணை கைவிடப்பட்டது. அடக்கம் வேறு, அடங்கிப்போதல் வேறு. இரண்டையும் ஒன்றெனவே நம் மேடைகளில் நாமும் பல முறை பேசியிருக்கின்றோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பின்னர் அப்படை பிரான்சு நாட்டின் ரூவான் நகருக்குச் சென்றது. 1431-இல் புனித ஜோன் ஆஃப் ஆர்க் தீயிலிட்டுக் கொல்லப்பட்ட சந்தைத் திடலில், அப்புனிதையின் நினைவாக 1945 மே 27-இல் நடந்த அணிவகுப்பில் இப்பெண்களும் நடந்தனர். அதே ஆண்டு சூலையில் ஒரு ஜீப் விபத்தில் அவர்களுள் மூவர் மாண்டனர். அடக்கச் செலவுக்கு அரசு பணம் தரவில்லை. தோழியர் தம் ஊதியத்திலிருந்து திரட்டிச் சவப்பெட்டிகள் வாங்கினர்; உடல்களைத் தாங்களே ஆயத்தம் செய்தனர். அம்மூவரும் இன்றும் நார்மண்டியிலுள்ள அமெரிக்கக் கல்லறைத் தோட்டத்தில் துயில்கின்றனர்.

1946-இல் படை கலைந்தது. வரவேற்பில்லை, விழாவில்லை. சாரிட்டி 1949-இல் ஒரு மருத்துவ மாணவரை மணந்து, அவர் படிப்பிற்காகச் சூரிச் நகரில் சில ஆண்டுகள் தங்கி, பின் ஒகாயோ மாநிலத்து டேட்டன் நகரில் இரு பிள்ளைகளுக்குத் தாயாக வாழ்ந்து, ஊர்ப்பணி செய்தார். 1989-இல் தம் போர்க்கால நினைவுகளை நூலாக வெளியிட்டார். 2002 சனவரி 13-இல் இறந்தார்.

அவர் எழுதினார். அவருடைய படையிலிருந்த பெண்கள் பலர் எழுதவுமில்லை, வீட்டில் பேசவுமில்லை. தாயின் பெட்டியில் ஒரு பழைய புகைப்படத்தையோ சீருடைப் பொத்தானையோ கண்ட பிறகே அறிந்துகொண்ட பிள்ளைகள் உண்டு. காங்கிரஸ் தங்கப் பதக்கம் அப்படைக்கென அறிவிக்கப்பட்டது 2022-ஆம் ஆண்டில்தான். அப்போது உயிரோடிருந்தவர் மிகச் சிலர். 2023-இல் வர்ஜீனியாவின் ஒரு படைமுகாமுக்குச் சாரிட்டியின் பெயரும் இணைத்துச் சூட்டப்பட்டது. 2025-இல் அது நீக்கப்பட்டது. பலகையில் எழுதும் பெயர் அப்படித்தான்.

நம் பங்கின் அந்த மகன் முப்பதாம் நாள் பூசைக்கு வந்தார். கருத்துச் சீட்டோடு இன்னொரு தாளும் கையில் இருந்தது. ஊரில் உயிரோடிருக்கும் பெரியம்மாவைத் தேடிச் சென்று கேட்டாராம். அவர் தாயார் திருமணத்திற்கு முன் நான்கு ஆண்டுகள் ஒரு தொழுநோய் மருத்துவமனையில் புண்களைக் கழுவிக் கட்டும் பணியில் இருந்தாராம். பெண் கேட்டு வருபவர்கள் தயங்குவார்களே என்று வீட்டார் அதை மறைத்தார்களாம். அதன் பின் அவரும் வாய் திறக்கவில்லை.

"சாமி, அம்மா பெயரோட இதையும் சேர்த்து வாசிக்கலாமா?" என்றார்.

மன்றாட்டுக்கு முன் வாசித்தோம். இடப்பக்கத் தூணருகே வழக்கமாக அமரும் மூதாட்டியர் இருவர் திரும்பி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.